கண்ணுசாமி வீட்டு ரத்தம்

இழவு வீட்டில் இலக்கியா சிரித்துவிட்டாள்.

செத்தவர் சிவசாமியின் பங்காளி. பெண்கள் கட்டிப்பிடித்து அழுதுகொண்டிருந்தார்கள். சிவசாமியின் பேத்தி தன் அம்மா உண்ணாமலையின் பிடியிலிருந்து நழுவி, இரண்டு கைகளையும் தோளுக்கு மேலே தூக்கிக்கொண்டு, தள்ளாடித் தள்ளாடிப் போய்ப் பிணத்தின் தலைமாட்டில் நின்றாள். நின்று கைகொட்டிச் சிரித்தாள். எட்டு வயதுப் பிள்ளை. பேச்சு கிடையாது. பசித்தாலும் சிரிப்பு, விழுந்து முட்டி உடைந்தாலும் சிரிப்பு. ஒப்பாரி பாதியில் நின்றுபோனது.

"ஏ உண்ணாமலை, அதைத் தூக்கிக்கிட்டு அங்கிட்டுப் போ தாயி. செத்த மனுசனே எந்திருச்சு சேந்து சிரிச்சுருவாரு போல" என்றாள் ஒருத்தி. நாலைந்து பேர் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்கள்.

பந்தலில் உட்கார்ந்திருந்த சிவசாமிக்குச் சுருக்கென்று ஏறிவிட்டது.

"சிரிக்காம என்ன செய்யும்? சொந்தத்துல கட்டுனா இப்படித்தான் பொறக்கும். எங்க வம்சத்துல இப்படி ஒண்ணு உண்டா? எல்லாம் கண்ணுசாமி வீட்டு ரத்தம்!" என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினார்.

உண்ணாமலை பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு யார் முகத்தையும் பார்க்காமல் வெளியே போனாள். அவள் வாக்கப்பட்டிருந்ததே அந்தக் கண்ணுசாமி வீட்டில்தான்.

கண்ணுசாமி வேறு யாரும் இல்லை. சிவசாமியின் மனைவி செங்கமலத்தின் கூடப் பிறந்த அண்ணன். நார்த்தாமலைப் பக்கம் நாலு மா நிலம் வைத்திருக்கிறார். மூத்தவன் கோபிநாத், பால் வண்டி டிரைவர். இளையவன் அருண்குமார். சிவசாமிக்கும் இரண்டு பெண்கள். நம்ம பக்கத்து வழக்கப்படி மாமன் மகனுக்கு அத்தை மகள் என்று மூத்த உண்ணாமலையைக் கோபிநாத்துக்குக் கட்டிக்கொடுத்தார்கள். இளையவள் சுகுணா அருண்குமாருக்கு என்று அவள் தவழும்போதே பேசி வைத்தது.

சிவசாமி ஆட்டு வியாபாரி. இலுப்பூரைச் சுற்றியுள்ள ஊர்களில் ஆடு பிடித்து, வெள்ளிக்கிழமைச் சந்தையில் கைமாற்றிவிடுவார். ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவர்தான். ஆனால் ஒரு கிடாயின் பல்லைப் பார்த்தால் போதும், வயது சொல்லிவிடுவார். கை சுத்தம். யாரையும் ஏமாற்றியதில்லை. வாய்தான் கேடு. யாரையும் கேட்டு முடிவு எடுக்கிற பழக்கமும் கிடையாது, எடுத்ததை மாற்றிக்கொள்கிற பழக்கமும் கிடையாது.

இலக்கியா நடக்க வேண்டிய வயதில் நடக்கவில்லை. பேச வேண்டிய வயதில் பேசவில்லை. தூக்கம் குறைவு. காய்ச்சல் வந்தால் வலிப்பு. தண்ணீரைக் கண்டால் மட்டும் தாவிப் போவாள். பள்ளிக்கூடத்தில் நடந்த ஒரு மருத்துவ முகாமுக்குக் கொண்டுபோனபோது, அங்கே உட்கார்ந்திருந்தவர் பிள்ளையை ஒரு பார்வை பார்த்தார்.

"சொந்தத்துலயா?"

"ஆமாங்க. மாமன் மகன்."

"அப்ப வேற எப்படிப் பொறக்கும்? அடுத்த ஆளு வாங்க."

அவ்வளவுதான் விசாரணை. அன்று சாயங்காலமே சிவசாமி மச்சான் வீட்டு வாசலில் போய் நின்றார். உள்ளே ஏறவில்லை. "ஒங்க ரத்தத்துக்கு இன்னொரு பொண்ணைக் குடுக்க மாட்டேன். அருணுக்கு வேற எடம் பாத்துக்கங்க" என்றார். கண்ணுசாமி கையில் இருந்த சோற்று உருண்டையோடு அப்படியே உட்கார்ந்திருந்தார். அதோடு இரண்டு வீட்டுக்கும் போக்குவரத்து நின்றது. உண்ணாமலை மட்டும் நல்லது கெட்டதுக்கு வந்து போவாள், இரண்டு பக்கத்துப் பேச்சையும் வாங்கிக்கொண்டு.

சுகுணாவை யாரும் கேட்கவில்லை. அவள் டிகிரி முடித்து இலுப்பூரில் ஒரு மருந்துக்கடையில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். அருண்குமார் சிங்கப்பூர் போனான். போன தையில் வந்து, அன்னவாசலில் ஒரு பெண்ணைக் கட்டிக்கொண்டு திரும்பிப் போய்விட்டான். கல்யாணத்தன்று சுகுணா வழக்கம்போல வேலைக்குப் போனாள். வந்தாள். சாப்பிட்டாள். அவ்வளவுதான் வெளியே தெரிந்தது.

சிவசாமி கீரனூரில் எந்தச் சொந்தமும் இல்லாத சுத்தமான அசலில் மாப்பிள்ளை பார்த்தார். சிமெண்டுக் கடை வைத்திருக்கிற நாகராசுவின் ஒரே மகன். பூ வைத்தாகிவிட்டது. ஆவணியில் முகூர்த்தம்.

இந்தச் சமயத்தில்தான் கோபிநாத்திடம் யாரோ மதுரையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியைச் சொன்னார்கள். பரம்பரை நோய்க்கென்றே அங்கே ஒரு டாக்டரம்மா இருக்கிறார், பெயர் இசைவாணி. பிள்ளைக்கும் தாய் தகப்பனுக்கும் ரத்தம் எடுத்தார்கள். பிறகு, உண்ணாமலையைப் பெற்றவர்கள் ரத்தமும் வேண்டும் என்று போன் வந்தது.

"நல்லா எடுக்கட்டும்" என்றார் சிவசாமி. "எடுத்தாத்தான் எவன் வீட்டு லட்சணம்னு வெளிய வரும்."

செங்கமலம் முறைத்தாள். "எங்க அண்ணனைச் சொல்லாட்டி ஒங்களுக்குச் சோறு எறங்காது."

முடிவு சொல்கிற அன்று கோபிநாத்துக்கு வண்டி டூட்டி. உண்ணாமலையும், பிள்ளையும், செங்கமலமும், சிவசாமியும் போனார்கள். டாக்டரம்மா சின்னப் பெண்ணாகத்தான் இருந்தார். இலக்கியா மேசையில் இருந்த ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்துக் கசக்கிக் கசக்கிச் சிரித்தாள். பிடுங்கப் போன உண்ணாமலையை, "இருக்கட்டும்மா, விடுங்க" என்றார் டாக்டரம்மா.

"ஐயா என்ன வேலை பாக்குறீங்க?"

"ஆட்டு யாவாரங்க."

"சந்தையில வித்த ஆட்டை எப்படி அடையாளம் வைப்பீங்க?"

"முதுகுல சாயம் பூசிருவோம். சாயம் பூசுனதை மட்டுந்தான் லோடுமேன் ஏத்துவான்."

"நம்ம ஒடம்புக்குள்ளயும் அப்படித்தாங்க. வேலை முடிஞ்சு பழசாப் போன சரக்கு நெறையா இருக்கும். அதுல எது வெளிய போகணுமோ அதுக்கு அடையாளம் வைக்க ஆள் இருக்கு. நெறைய ஆளு. அதுல ஒரு ஆளுக்கு யூபிஇ3ஏன்னு பேரு. அந்த ஆளை உண்டாக்குற எழுத்து, அதை ஜீன்னு சொல்றோம், அது எல்லாருக்கும் ரெண்டு இருக்கும். அப்பா குடுத்தது ஒண்ணு, அம்மா குடுத்தது ஒண்ணு. ஆனா மூளைக்குள்ள மட்டும் அப்பா குடுத்தது தூங்கிரும். அம்மா குடுத்தது மட்டுந்தான் வேலை செய்யும். இலக்கியாவுக்கு அம்மா குடுத்ததுல பிழை இருக்கு. அதனால மூளையில அந்த வேலைக்கு ஆளே இல்ல."

உண்ணாமலையின் முகம் வெளுத்துவிட்டது. "அப்ப நாந்தேன் குடுத்தேனாங்க?"

"தெரிஞ்சு யாரும் குடுக்கலம்மா. ஒங்களுக்கும் அது வந்ததுதான்."

சிவசாமி இந்த இடத்துக்குத்தான் காத்திருந்தார். செங்கமலத்தை ஒரு பார்வை பார்த்துக்கொண்டார். "அவுங்க அம்மா வழியில வந்திருக்கும். அதைத்தானே நானும் இத்தனை நாளாச் சொல்றேன்."

"இல்லைங்கய்யா" என்றார் டாக்டரம்மா. "ஒங்ககிட்ட இருந்துதான் வந்திருக்கு. அம்மாகிட்ட இல்ல."

சிவசாமிக்கு விளங்கவில்லை. இன்னொரு தரம் சொல்லச் சொன்னார். டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். தகப்பனிடமிருந்து வந்தால் அந்தப் பிழையும் சேர்ந்து தூங்கிவிடும். அதனால் சிவசாமிக்கு ஒன்றும் செய்யவில்லை. அவர் கொடுத்து உண்ணாமலைக்கு வந்ததும் தூங்கிவிட்டது. ஒரு பெண் அதைத் தன் பிள்ளைக்குக் கொடுக்கும்போதுதான் அது முழித்துக்கொள்ளும்.

"அப்ப, சொந்தத்துல கட்டுனதால இல்லீங்களா?" இது உண்ணாமலை.

"சொந்தத்துல கட்டுறதால வர்ற நோய் வேற நெறையா இருக்கும்மா. அதுக்காகப் பயப்படறது நியாயந்தான். ஆனா இது அது இல்ல. நீங்க யாரைக் கட்டியிருந்தாலும் இதேதான்." பிறகு சிவசாமி பக்கம் திரும்பினார். "ஒங்க அப்பா வழியில இப்படிப் பேச்சு வராம, சிரிச்ச மொகமா யாராவது இருந்தாங்களா?"

இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். அப்போதுதான் வெள்ளைக்கண்ணு ஞாபகத்துக்கு வந்தான்.

சிவசாமியின் அத்தை மகன். அப்பாவின் தங்கை பிள்ளை. தெருவில் கையைத் தூக்கிக்கொண்டு, தள்ளாடி நடந்து, எல்லாரையும் பார்த்துச் சிரிப்பான். பிறந்ததிலிருந்து ஒரு வார்த்தை பேசியதில்லை. எந்நேரமும் ஊருணிக்கு ஓடுவான். ஒரு மழைக்காலத்தில் ஊருணியிலேயே மிதந்தான். சாமி குத்தம் என்று சொல்லி அத்தோடு அவன் பெயரையே எடுக்கக் கூடாது என்றார்கள். எடுக்காமல் எடுக்காமல் சிவசாமிக்கு அப்படி ஒருத்தன் இருந்ததே மறந்துபோயிருந்தது.

"இருந்தான்" என்றார்.

"ஒங்களுக்கு வேற பிள்ளைங்க?"

"இன்னொரு பொண்ணு" என்றாள் செங்கமலம். "ஆவணியில கல்யாணம்."

"அந்தப் பொண்ணுகிட்டயும் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். பாதிக்குப் பாதி. இருந்தா, அவங்களுக்குப் பொறக்கப்போற ஒவ்வொரு பிள்ளைக்கும் அதே பாதிக்குப் பாதி. ரத்தம் குடுத்தாத் தெரிஞ்சுரும். முன்னாடியே தெரிஞ்சா அதுக்கு வழிமுறை இருக்கு. அவங்ககிட்ட சொல்லிருங்க. டெஸ்ட் பாக்கணுமா வேண்டாமாங்கிறதை அவங்கதான் முடிவு பண்ணணும். நீங்க பண்ணக் கூடாது."

பஸ்ஸில் இலக்கியா சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு காற்றோடு சிரித்துக்கொண்டு வந்தாள். கொட்டாம்பட்டி தாண்டியதும் செங்கமலம்தான் ஆரம்பித்தாள்.

"சுகுணாகிட்ட மூச்சு விடக் கூடாது. கழுத்துல தாலி ஏறட்டும். பெறகு பாத்துக்கலாம்."

"அந்தம்மா சொல்லச் சொல்லுச்சே" என்றார் சிவசாமி.

"அந்தம்மாவா வந்து மாப்பிள்ளை தேடிக் குடுக்கும்? பாதிக்குப் பாதின்னா இல்லாமயும் இருக்கலாம்ல. இல்லாத ஒண்ணுக்காகக் கல்யாணத்தைக் கெடுப்பாங்களா? ஒரு தடவை கெடுத்தது போதாதா நீங்க?"

அவள் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. செங்கமலம் மகள் பக்கம் திரும்பினாள். "நீயும் வாயைத் தொறக்காத."

உண்ணாமலை சன்னலைப் பார்த்தபடியே சொன்னாள். "இலக்கியா அப்பாகிட்ட மட்டும் சொல்லுவேன், அவுகளும் வெளிய விட மாட்டாக. மத்தபடி நான் சொல்ல மாட்டேம்மா. ஊருக்கெல்லாம் சொன்னது அப்பாதானே. அப்பாவே சொல்லட்டும்."

அந்த வாரம் சந்தையில் சிவசாமி இரண்டு பல் போட்ட கிடாயை நாலு பல் என்று சொல்ல, கூட இருந்தவர்கள் சிரித்தார்கள்.

பத்திரிகை அடித்து வந்தது. சாமிக்கு வைத்துவிட்டு அடுத்தது தாய்மாமனுக்குத்தான். தாய்மாமன் மாலை எடுத்துக் கொடுக்காமல் பெண் மணவறை ஏறினால் ஊர் காறித் துப்பும். செங்கமலம் தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, பழம், பத்திரிகை எல்லாம் வைத்துக் கொடுத்து, "போயிக் கூப்பிடுங்க. வேற ஒண்ணும் பேசாதீங்க" என்று அனுப்பினாள். வேறு ஒன்றும் பேசுவதில்லை என்று நினைத்துக்கொண்டுதான் சிவசாமியும் போனார்.

கண்ணுசாமி வீட்டு வாசலில், அடிபம்புக்குப் பக்கத்தில், பெரிய அண்டாவுக்குள் இலக்கியா உட்கார்ந்திருந்தாள். கண்ணுசாமி பம்பு அடித்து அண்டாவை நிரப்பிக்கொண்டிருந்தார். அவள் தண்ணீரை வாரி அவர் முகத்தில் அடித்தாள். அவர் துடைக்கக்கூட இல்லை.

"வா மாப்ள" என்றார், நேற்றுத்தான் பார்த்ததுபோல. "இவளை விட்டுட்டு உள்ள வர முடியாது. இங்கிட்டே உக்காரு."

சிவசாமி தாம்பாளத்தை மடியில் வைத்துக்கொண்டு கல்லில் உட்கார்ந்தார். வார்த்தையைத் தேடினார். கண்ணுசாமியே தொடங்கினார்.

"கல்யாணத்துக்கு வாரேன் மாப்ள. ஒண்ணும் சொல்ல வேண்டாம். சுகுணாவுக்கு நான் வராம எவன் வருவான்? நீ அன்னைக்கு வந்து கத்துனப்ப வெட்டிப் போடணும்னுதான் இருந்துச்சு. பெறகு யோசிச்சுப் பாத்தேன். நீ சொன்னது சரிதான். எங்க ரத்தத்துலதான் என்னமோ இருக்கு. கோபிகிட்ட அடுத்த பிள்ளை வேணாம்டான்னு நாந்தேன் சொன்னேன். அருணுக்கும் அசல்ல பாத்துக் கட்டுனேன். சின்னவளாவது தப்பிச்சாளே. அந்த மட்டுக்கும் ஒனக்குக் கும்பிடு போடணும்."

திட்டியிருந்தால் சிவசாமி பத்திரிகையை வைத்துவிட்டு எழுந்து வந்திருப்பார். இந்த ஆள் கையெடுத்துக் கும்பிட்டார், ஈரக் கையோடு.

"மச்சான்" என்றார் சிவசாமி. "ஒங்க ரத்தம் இல்ல."

எல்லாவற்றையும் சொன்னார். டாக்டரம்மா சொன்னது, வெள்ளைக்கண்ணு, எல்லாம். கண்ணுசாமி பம்பு அடிப்பதை நிறுத்தவில்லை. அண்டா நிரம்பி வழிந்து, தண்ணீர் சிவசாமியின் காலடிக்கு வந்தது. சொல்லி முடித்த பிறகும் கொஞ்ச நேரம் அடித்தார். அப்புறம் கைப்பிடியை விட்டார்.

"சந்தையில ஒவ்வொரு கெடாய்க்கும் வாயைப் பொளந்து பல்லைப் பாப்பியே மாப்ள. ஒன் வாயைப் பொளந்து நீ பாக்கலியே."

சிவசாமி தலையைக் குனிந்துகொண்டார்.

"கோபி ஒரு பிள்ளையோட நிக்கிறான். என் பேச்சைக் கேட்டு." கண்ணுசாமி குனிந்து இலக்கியாவின் முகத்துத் தண்ணீரை வழித்துவிட்டார். "சுகுணாவுக்குத் தெரியுமா இது?"

"தெரியாது. ஒங்க தங்கச்சி சொல்ல வேணாங்குறா."

"அப்ப அந்தத் தாம்பாளத்தை எடுத்துக்கிட்டுப் போ. செத்துப்போன எம் பொண்டாட்டி உசுரோட இருந்திருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பா. மொதல்ல பிள்ளைகிட்ட சொல்லு. அவ குடுக்கச் சொன்னான்னா எனக்குப் பத்திரிகை கொண்டா. கோயில் வாசல்ல மாலையோட நிக்கிறேன்."

சிவசாமி வீட்டுக்குப் போகவில்லை. நேரே இலுப்பூருக்குப் போய் மருந்துக்கடைக்கு எதிரே நின்றார். தாம்பாளத்தோடு நிற்கிற அப்பாவைப் பார்த்துவிட்டுச் சுகுணா ஓடிவந்தாள். யாருக்கு என்ன என்று கேட்டாள். பஸ் ஸ்டாண்டு சிமெண்டு பெஞ்சில் உட்கார வைத்துச் சொன்னார். அவர் சொன்ன விதத்துக்கு டாக்டரம்மா சொன்னதில் பாதிதான் தேறும். ஆனால் அவள் புரிந்துகொண்டாள்.

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"அக்காவுக்கு?"

"தெரியும். மாமாவுக்கும் இப்பத்தான் சொல்லிட்டு வாரேன்."

"எல்லாருக்கும் தெரிஞ்சாச்சு. கடைசியா எனக்கு." அவள் துப்பட்டா நுனியை விரலில் சுற்றினாள். "அருண் விசயத்துலயும் அப்படித்தான். கடைக்கு மாத்திரை வாங்க வந்த அம்மா ஒண்ணு, 'என்னடி, ஒன் கல்யாணம் நின்னு போச்சாமே'ன்னு கேட்டுச்சு. அப்பத்தான் எனக்குத் தெரிஞ்சுச்சு."

சிவசாமிக்கு அது இத்தனை வருசமும் தெரியாது.

"இப்பவாச்சும் நீங்களா வந்தீங்களே" என்றாள். "நான் டெஸ்ட் குடுக்குறேன். அவுங்க வீட்டுலயும் சொல்லணும். நானே சொல்லிக்கிறேன். நீங்க போயிக் கத்தாதீங்க."

அன்றைக்கே மாப்பிள்ளைப் பையனுக்குப் போன் செய்து சொன்னாள். அவன் அப்பாவிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றான். மறுநாள் நாகராசு வந்தார். சண்டை போடவில்லை. "பிள்ளை தங்கமான பிள்ளை. மறைக்காமச் சொன்னதுக்கே கோடி கும்பிடு. ஆனா எங்களுக்கு ஒரே மகன் பாருங்க" என்று சொல்லி, மாற்றிய தாம்பூலத்தைத் திருப்பி வைத்துவிட்டுப் போனார். செங்கமலம் அன்று அடுப்பு மூட்டவில்லை.

மதுரைக்குச் சுகுணாவோடு சிவசாமியும் கண்ணுசாமியும் போனார்கள். மச்சானும் மாப்பிள்ளையும் ஒரே சீட்டில் உட்கார்ந்தார்கள். பேசிக்கொண்டது மழையைப் பற்றி மட்டும்தான்.

முகூர்த்த நாள் தாண்டித்தான் முடிவு வந்தது. சுகுணாவிடம் அந்தப் பிழை இல்லை.

செங்கமலம் கேட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். "இல்லயே! நான் சொன்னேன்ல, இல்லாமயும் இருக்கும்னு! வாயைப் பொத்திக்கிட்டு இருந்திருந்தா இந்நேரம் எம் பிள்ளை கீரனூர்ல வெளக்கேத்திக்கிட்டு இருந்திருப்பாளே! பாவி மனுசா, தெரியாததை எல்லாம் ஊருக்கே கத்துனே, மறைக்க வேண்டியதையும் போய்ச் சொன்னே!"

அவள் சொன்னது கணக்குக்குச் சரியாகத்தான் இருந்தது.

சேதி கீரனூருக்கும் போய்விட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை நாகராசு மறுபடியும் வந்தார், பழம், பூவோடு.

"சம்பந்தி, நல்ல சேதி கேள்விப்பட்டோம். மனசு கேக்கல. பையனும் அப்படியேதான் இருக்கான். ஐப்பசியில ஒரு நல்ல நாள் இருக்கு. நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

செங்கமலத்தின் முகம் விரிந்தது. காப்பி போட உள்ளே ஓடினாள். சிவசாமி எழுந்து நின்றார்.

"நான் சொல்றதுக்கு ஒண்ணும் இல்லைங்க. அவகிட்டக் கேளுங்க."

சுகுணா நிலைப்படியில் வந்து நின்றாள். "வாங்க மாமா" என்றாள். "ஒண்ணு கேக்கலாங்களா? எனக்கு அது இருந்திருந்தா வந்திருப்பீங்களா?"

நாகராசு நல்ல மனுசர். தரையைப் பார்த்தார். "வந்திருக்க மாட்டோம்மா. பொய் சொல்லி என்ன ஆகப்போகுது."

"ஒங்களைத் தப்புச் சொல்லல மாமா. எங்க அக்கா மகளைத் தெனமும் பாக்குறேன். பயந்தது நியாயந்தான். ஆனா நாளைக்கே எனக்கு வேற ஏதாச்சும் ஒண்ணு வந்தா, அன்னைக்கும் அவரு அப்பாகிட்டக் கேட்டுத்தான் சொல்லுவாரு. வேண்டாங்க."

உள்ளேயிருந்து "ஏய் சுகுணா!" என்று செங்கமலத்தின் குரல் வந்தது.

நாகராசு சிவசாமியைப் பார்த்தார். "சின்னப் பிள்ளை ஏதோ பேசுது. நீங்க பெத்தவரு, சொல்லுங்க."

சிவசாமி மகளைப் பார்த்தார். அவள் இவர் பக்கம் திரும்பவே இல்லை.

"அவ சொன்னதுதாங்க" என்றார்.

பழத்தையும் பூவையும் கையில் எடுத்துக்கொண்டு, நாகராசுவை பஸ் ஏற்றிவிடக் கூடவே நடந்து போனார்.